கழுவக் கழுவ ஏழரை

மூன்று மணிக்கு லாரி வந்துவிடும். லென்ஸ் செய்கிறவர்கள் கேட்ட வெள்ளைத் தூள், கால்சியம் ஃபுளோரைடு, இன்னும் தொட்டியில் ஈரமாகக் கிடந்தது. இன்று சரக்குப் போகாவிட்டால் அவர்கள் வேறு பட்டறையைத் தேடிக்கொள்வார்கள்.

சுவரில் ஒரு தாள்: ‘கழுவிய நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமாக இறங்கும்வரை அலசவும்.’ நேற்று பட்டறை முதலாளியான அண்ணியே கணக்குப் போட்டு ஒட்டியது.

“ஒன்பதாவது தண்ணி,” என்று நாத்தனார் மீட்டரை நீட்டினாள். “ஏழு புள்ளி ஆறு. நாலாவது தண்ணியிலேர்ந்து இதேதான். நம்மள ஏழரை பிடிச்சிருக்கு அண்ணி.”

“ஏழரைக்கு மேலயே இருக்கேடி.”

“அந்த மிச்சத்தையாவது கழுவிடறேன்.”

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தூளோடு ஒட்டிய வேற்று உப்பு என்றால் ஒவ்வொரு அலசலிலும் குறைந்திருக்கும். குறையாமல் நிற்கிறதென்றால், தூளே துளித் துளியாய்க் கரைகிறது. எவ்வளவு கரையும்?

பென்சிலை எடுத்தாள். கரைதிறன் பெருக்க மாறிலி, அதாவது கரைந்த பாகங்களின் செறிவுகளைப் பெருக்கினால் வரும் எண், தோராயமாக முப்பத்திரண்டு, பத்தின் அடுக்கு கழித்தல் பன்னிரண்டு. நேற்று அதற்கு வர்க்கமூலம் எடுத்துத்தான் 0.1 என்று எழுதியிருந்தாள். ஒன்றுக்கு ஒன்றாகப் பிரியும் உப்புக்குத்தான் அது சரி. இது உடைந்தால் கால்சியம் ஒன்று, ஃபுளோரைடு இரண்டு. கால்சியம் s என்றால் ஃபுளோரைடு 2s. இரண்டு இருப்பதால் அதை இருமுறை பெருக்க வேண்டும். s × 2s × 2s, ஆக 4s³. முப்பத்திரண்டை நான்கால் வகுத்தால் எட்டு. அடுக்கோடு சேர்த்துக் கனமூலம் எடுத்தால் இரண்டு, பத்தின் அடுக்கு கழித்தல் நான்கு. லிட்டருக்குப் பத்தாயிரத்தில் இரண்டு மோல் தூள் கரையும். ஃபுளோரைடு அதில் இரு மடங்கு, நான்கு. ஒரு மோல் ஃபுளோரைடு பத்தொன்பது கிராம்; அதால் பெருக்கி மில்லிகிராமாக்கினாள்.

7.6.

“மீட்டர் பொய் சொல்லல. நான்தான் நடக்காத அளவைக் கேட்டிருக்கேன். நாலாவது தண்ணியிலேயே தூள் சுத்தமாயிடுச்சு.”

“அப்ப அஞ்சு தடவை எதைக் கழுவினேன்?”

“சரக்கையே கழுவிக் கரைச்சிருக்க. லிட்டருக்குப் பதினாறு மில்லிகிராம்.”

“இன்னும் நூறு வருஷம் விட்டிருந்தா தொட்டி காலி. நல்ல முதலாளி அண்ணி நீங்க.”

மணி பன்னிரண்டரை. உலர்த்த இரண்டு மணி நேரம் போதும். இருவரும் தூளைத் தட்டுகளில் பரப்பி அடுப்புக்குள் தள்ளினார்கள். லாரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்தது. கடைசி மூட்டையின் வாயைத் தைத்து முடிக்கும்வரை டிரைவர்தான் காத்திருந்தார்.