காருக்குள் ஒரு சத்தம்

காருக்குள் ஏதோ தட்டியது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் டொக், டொக் என்று. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தொடங்கிய சத்தம். வீட்டில்தான் பேச்சுத்துணைக்கு ஆளில்லை, இந்தக் காரும் சேர்ந்துகொண்டு படுத்த வேண்டுமா என்று டீச்சருக்கு எரிச்சலாக வந்தது.

கார் வாங்கிய கம்பெனியில் ஏசி அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, காதில் பூச்சுற்றினார்கள். டை கட்டிய பையன் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சஸ்பென்ஷன் மொத்தமா போச்சு மேடம்" என்று அவன் சொன்ன தொகையில் அவளுக்குத் தலை சுற்றியது. "இதுக்குப் பேசாம வண்டிய எங்ககிட்டயே குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க."

வெளியூரிலிருந்து மகனும் போனில் அதே பாட்டைத்தான் பாடினான். "வித்துத் தொலைம்மா. தனியா போறப்ப நடுரோட்டுல நின்னுட்டா யாரு வருவா?"

இந்த வாரத்துக்குள் சத்தம் நிற்காவிட்டால் விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு சோறு இறங்கவில்லை. கணவருக்குக் கண் பார்வை மட்டு. எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பெரிய மனுஷராட்டம் தப்புத் தப்பாக வழி சொல்வார். பெல்ட் போடச் சொன்னால் மட்டும், "பக்கத்துத் தெருவுக்குத்தானே!" என்று முறுக்கிக்கொள்வார். அவளே எட்டி இழுத்து மாட்டிவிடுவாள். அந்த இருக்கையோடு காரை எவனோ ஓட்டிக்கொண்டு போவதா?

மருந்துக்கடைக்காரர்தான் வழிகாட்டினார். "பின்தெருவுல ஒரு மெக்கானிக் இருக்காரு. சரியான சிடுமூஞ்சி. ஆனா கை சுத்தம்."

சிடுமூஞ்சியின் பட்டறையில் காபியும் இல்லை, நாற்காலியும் இல்லை. "ஓட்டுங்க, கேப்போம்" என்று பக்கத்தில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார். அந்த இடத்தில் ஒரு ஆள் உட்கார்ந்ததும் டீச்சருக்கு மனசு லேசாகிவிட்டது. உடனே தன்மேலேயே கோபமும் வந்தது. கடைத்தெருவின் பள்ளங்களில் எல்லாம் வேண்டுமென்றே இறக்கினாள். கார் வாயே திறக்கவில்லை.

மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாள் சிடுமூஞ்சி பொறுமை இழந்தார். "சஸ்பென்ஷன் கல்லு மாதிரி இருக்கும்மா. நாலு சக்கரத்தையும் பாத்துட்டேன். இல்லாத சத்தத்துக்கு நான் எதைக் கழட்டறது?"

பேச ஆளில்லாமல் இந்தம்மா இங்கே வந்து நிற்கிறாள் என்று நினைக்கிறாரோ? அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதுதான் சுருக்கென்று தைத்தது.

"நான் தனியா போறப்ப வருது தம்பி. சத்தியமா வருது" என்றாள். "பக்கத்துல ஆள் இருந்தாத்தான் வரமாட்டேங்குது."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "தனியா போறப்பதானா?" பின்கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டார். "இப்ப ஓட்டுங்க."

முதல் பள்ளத்திலேயே டொக் என்றது. சிடுமூஞ்சி பின்னாலிருந்து கையை நீட்டி எதையோ பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். மறுபடி டொக்.

"பெல்ட்டும்மா! யாரும் உக்காரலேன்னா சும்மா தொங்குது. அதோட கொக்கி கதவோரத் தூண்ல போய் இடிக்குது. அவ்வளவுதான் சமாச்சாரம்."

"முன்னாடியெல்லாம் இப்படி வந்ததே இல்லியே."

"முன்னாடி ஆள் உக்காந்திருப்பாங்க" என்றவர், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டறை வரைக்கும் பெல்ட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

பட்டறை வாசலில் இறங்கியவர் காசு வாங்கவில்லை. "நான் என்னத்தக் கழட்டினேன், வாங்கறதுக்கு? ஆள் இல்லேன்னாலும் மாட்டிவெச்சுட்டு ஓட்டுங்க. சத்தம் வராது."

வண்டியில் உட்கார்ந்தபடியே மகனுக்குப் போன் செய்தாள். "வண்டிக்கு ஒண்ணுமில்லடா. விக்கறதா இல்ல." அவன் ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

பிறகு எட்டி, காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கை பழகிய வேலை. இந்தத் தடவை யாரும் முறுக்கிக்கொள்ளவில்லை.

வீடு வரைக்கும் கார் ஒரு சத்தமும் போடவில்லை. தெருமுனையில் அவர் வழக்கமாகத் தப்பாக வழி சொல்லும் இடத்தில், அவள் வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

வாசலில் நிறுத்தி, பக்கத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.

"இறங்குங்க, வீடு வந்தாச்சு" என்றாள்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.