எந்தப் பன்னிரண்டு?

1

முதலில் ஒப்புதல் வாக்குமூலம். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. சர்க்கரை பார்க்க வீடு வீடாக வந்து ரத்தம் எடுக்கும் ஏஞ்சலிடமிருந்து சுட்டது. என் கையில் ஊசி ஏறியிருந்தபோதுதான் ஆரம்பித்தாள்.

"கொலைக் கதையாவே எழுதிக்கினு இருக்கீங்களே சார், ஒரே ஒரு வார்த்தையை முழுங்கினவளைப் பத்தி எழுதுவீங்களா?"

"யாரு முழுங்கினது?"

"நான்தான். முஷ்டியை விடுங்க, ரத்தம் வந்துடுச்சி."

பன்னிரண்டு பகுதி என்று அன்றே முடிவு செய்தேன். பன்னிரண்டு வாரத் தொடர் எழுதியே பழகிய கை இது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மார்கழிப் பனியில் காஞ்சிபுரம் ஒரு பட்டுச் சேலையைப் போல...' அடித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அந்தச் சேலையை ஒருமுறை விரித்தாகிவிட்டது.

இரண்டாம் முயற்சி: போன் அடித்தது.

இது போதும். பிள்ளையார்பாளையத்தில் கமலாட்சி வீடு. மாலை ஐந்தே முக்கால். கமலாட்சி தறியைவிட்டு எழுந்திருக்காமலே இடது கையை நீட்டியிருந்தாள். ஏஞ்சல் நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தாள். திரையில் மின்னிய பெயரைப் பார்த்ததும் அவள் விரல் நின்றது. கிதியோன், ஹைஃபா.

"யாருடி? ஃபாரின் மாப்பிள்ளையா?"

"செத்துப்போனவரோட புள்ளக்கா."

3

ஏஞ்சல் வாலாஜாபாத்துக்காரி. இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், ஆறு வருடம் ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொண்டவள். அவர் பெயர் ரூபேன். பள்ளிக்கூடத்தில் எபிரேய இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவர். அவள் அவரைக் கூப்பிட்டது 'சபா' என்று. அவர்கள் மொழியில் தாத்தா. போன ஜனவரியில் ஒரு காலை ஒன்பது மணிக்கு, ஏஞ்சலைத் தவிர யாரும் பக்கத்தில் இல்லாதபோது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மகன் கிதியோன் இப்போது கேட்பது அந்த வார்த்தையைத்தான்.

"ஏஞ்சல், இன்றோடு பதினொரு மாதம். கடைசி ஜெபத்துக்குக் கிளம்புகிறேன். அப்பா 'பன்னிரண்டு ஆச்சா?' என்று மணி கேட்டதாகச் சொன்னாய். காலை ஒன்பதுக்கு ஒரு மனிதர் ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? உங்கள் நேரம் ஏழே முக்காலுக்குள் சொல். அவர் சொன்னது எந்தப் பன்னிரண்டு?"

4

[இங்கே கதையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். யூதர்கள் எல்லாரும் மறுமையைப் பற்றி ஒரே மாதிரி நினைப்பவர்கள் அல்லர். சபா வீட்டில் நம்பியது இது. செத்தபிறகு ஆத்மாவுக்கு ஒரு விசாரணை உண்டு, வெளுப்பு உண்டு. ஆனால் முடிவே இல்லாத தீ அல்ல. எவ்வளவு பொல்லாதவனுக்கும் பன்னிரண்டு மாதம்தான். அந்த நாட்களில் மகன் ஜெப ஆலயத்தில் பத்துப் பேர் நடுவே எழுந்து 'கதீஷ்' சொல்வான். அதில் சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடவுளின் புகழ் மட்டும். அது தகப்பனின் ஆத்மாவைக் கைகொடுத்து மேலே ஏற்றும்.

ஆனாலும் மகன் பதினொரு மாதத்தோடு நிறுத்திவிடுவான். பன்னிரண்டும் சொன்னால், 'என் அப்பன் பொல்லாதவன்' என்று ஊர் அறியச் சொன்னதாகிவிடும். நிறுத்துவதுதான் மரியாதை. ஒரே விலக்கு: தகப்பனே பன்னிரண்டு கேட்டிருந்தால், சொல்ல வேண்டும்.]

5

எபிரேயத்தில் எண்ணுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஏஞ்சல் சொன்னபடியே தருகிறேன்:

"மணி பொம்பளை சார், மாசம் ஆம்பளை. மணி பன்னெண்டுன்னா ஷ்டேம் எஸ்ரே. மாசம் பன்னெண்டுன்னா ஷ்னேம் அசார். நான் மாத்திச் சொன்னா மாத்திரையே போட மாட்டாரு. திருத்திச் சொன்னாத்தான் வாயைத் தெறப்பாரு."

அப்படிப்பட்டவர் கடைசி மூச்சில் இலக்கணம் தவறுவாரா?

அவர் சொன்னது ஷ்னேம் அசார். அவள் மகனிடம் சொன்னது ஷ்டேம் எஸ்ரே.

6

இந்த இடத்தில் எனக்கு ஏஞ்சல்மேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில், பாவம், அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று எழுதி, அடுத்த முறை ரத்தம் எடுக்க வந்தபோது அவளிடமே படித்துக் காட்டினேன். சிரித்தாள்.

"என்ன சார், மாதா சொரூபம் மாதிரி ஆக்கிட்டீங்க? நல்லாத்தான் காதுல விழுந்தது. வேணும்னேதான் மாத்தினேன்."

7

ஏனென்றால் அதற்கு இரண்டு வருடம் முன்பு அவள் அம்மா மரியம்மாள் இறந்தாள். அந்த வாரம் ஏஞ்சலின் செல்போன் ரிப்பேரில் கிடந்தது. அண்ணன் சத்யராஜ் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சபாவின் வீட்டு போனில் சொன்னான். 'அவளிடம் சொல்கிறேன்' என்றார் சபா. சொல்லவில்லை. தென்னேரிக் கல்லறையில் மறுநாளே அடக்கம் முடிந்தது.

எட்டாம் நாள் காலை சொன்னார். பயணப் பெட்டியும் கையுமாகக் கிதியோன் வாசலில் நின்றிருந்தான். துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்று ஏஞ்சல் நினைத்தாள்.

செத்தவரின் ஆத்மா ஏழு நாள் கல்லறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே சபாதான். ஏழு நாள் அம்மா அவளைத் தேடி நடந்திருக்கிறாள். அது தெரிந்தே அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

'நீ என் ஏழு நாளை மறைத்தாய். நான் உன் ஒரு வார்த்தையை மறைக்கிறேன்.' இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இது என் வரி. ஆனால் படித்துக் காட்டியபோது அவள் மறுக்கவில்லை.

8

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கற?" ஏஞ்சல் போனை வைத்ததும் கமலாட்சி கேட்டாள்.

ஏஞ்சல் எல்லாவற்றையும் சொன்னாள். கமலாட்சி தறி மிதிப்பதை விட்டுவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு மாசா மாசம் படைச்சேன். பன்னெண்டாவதை விட்டா பாதி வழியில நின்னுக்கினு இருப்பாருன்னு பயமுறுத்தினாங்க. உங்காளுங்களுக்குப் பன்னெண்டு சொன்னா அசிங்கமா?"

"எங்காளுங்க இல்லக்கா. நான் சர்ச்சு."

"ஏதோ ஒண்ணு. கெழவன் கேட்டானா, இல்லியா?"

"கேட்டாரு."

"குடுத்துத் தொலை."

"குடுத்தா, ஏன் கேட்டாருன்னு புள்ள கேப்பான். அப்பன் செஞ்சதைச் சொல்லணும். நான் பதினோரு மாசமா பொய் சொல்லிக்கினு இருந்ததையும் சொல்லணும்."

"குடுக்கலன்னா?"

"ஒரு மாசம் அவரைத் தூக்கிவிட ஆள் இல்ல." *

* என் கதைகளில் சாட்சி விரலை நீட்டினால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். இங்கே விரலை நீட்டினால்தான் அவனுக்கு விடுதலை. முப்பது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு சிக்கலில் மாட்டியதில்லை.

9

ஏழு இருபத்தைந்து. எதிர்வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு விளக்குப் போட்டார்கள். ஏஞ்சல் அவளாகவே அழைத்தாள்.

"கிதியோன், உன் அப்பா சொன்னது—"

"பொறு. அதற்கு முன் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என்னால் அந்த வாசலுக்குள் போக முடியாது. உன் அம்மா செய்தி வந்த அன்று அப்பா உடனே என்னைக் கூப்பிட்டார். அழுதார். உன்னிடம் சொல்லத்தான் போனார். நான்தான் தடுத்தேன். நான் வெளிநாட்டில் இருந்தேன். நீ கிளம்பிவிட்டால் அவரைப் பார்க்க யாருமில்லை. நான் வந்து சேரும்வரை வாயைத் திறக்காதே என்றேன்."

பயணப் பெட்டி. எட்டாம் நாள் காலை.

ஏஞ்சல் தறியின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போது சொல். அவர் பன்னிரண்டு மாதம் கேட்டிருந்தால், அது என் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கேட்டது. எந்தப் பன்னிரண்டு?"

10

கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

'மணி' என்கிறாள். சபாவின் பெயர் கெடாது. மகன் தூங்குவான். ஒருவர் மட்டும், தான் செய்யாததையும் சேர்த்துச் சுமந்தபடி, பிடித்து ஏற உதவிக்கை இல்லாமல் ஒரு மாதம் நிற்பார்.

'மாதம்' என்கிறாள். கிழவருக்குக் கேட்டது கிடைக்கும். மகன் இன்னும் முப்பது நாள், தினமும், பத்துப் பேர் நடுவே எழுந்து நிற்பான், யாருடைய பாவத்துக்காக நிற்கிறோம் என்று தெரிந்தே. அது சபாவுக்குத் தரும் உதவியா, மகனுக்குப் போடும் சாட்டையடியா? சொல்கிறபோது தன் மனசில் எது இருந்திருக்கும் என்று ஏஞ்சலுக்கே நிச்சயமில்லை. அவளைக் கேட்டேன். பஞ்சை எடுத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது, சார்ஜ் தீர்ந்து போன் அணைகிறது. [மூன்று தொடர்களில் இதைச் செய்து தப்பித்திருக்கிறேன்.]

"ஃபுல் சார்ஜ் இருந்திச்சி சார். சும்மா கதை உடாதீங்க."

11

ஏழு நாற்பத்து மூன்று. கமலாட்சி சுவர்க் கடிகாரத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். ஏஞ்சல் வாயைத் திறந்தாள்.

அதுவரைதான் எனக்குச் சொன்னாள். என் கையில் பஞ்சை வைத்து, "அழுத்திப் புடிச்சிக்கோங்க" என்றாள்.

"என்னம்மா சொன்ன அவன்கிட்ட?"

"உங்க அப்பாவா இருந்தா நீங்க எதைக் கேக்க நெனைப்பீங்க?" ஊசிப் பெட்டியை மூடி ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பன்னிரண்டு பகுதி என்று சொல்லியிருந்தேன். பதினொன்றில் நிறுத்துகிறேன். சபா கேட்காதிருந்தால் இது மரியாதை. கேட்டிருந்தால் துரோகம். அவர் கேட்டதை நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள். மூடி மறைக்க இனி வழியில்லை.

கீழே எண்ணை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தைக்குத்தான் இடம். சீக்கிரம் சொல்லுங்கள். ஹைஃபாவில் ஒருவன் ஜெப ஆலயத்தின் படியில், போனைக் காதில் வைத்தபடி, உள்ளே பத்துப் பேர் எழுந்து நிற்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

12