புழு நசுக்கும் தேர்வு

புழுவைக் கண்டாலே எனக்குக் குமட்டும். பிழைப்போ, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புழு நசுக்கக் கற்றுக்கொடுப்பது. பழ ஈக்களைப் பாட்டிலில் வளர்ப்போம். உள்ளே புளித்துப்போன தீனி, அதில் நெளியும் பொடிப் புழுக்கள். தலையை ஊசியால் பிடித்து இழுத்தால் பின்னாலேயே உமிழ்நீர்ச் சுரப்பி வழுக்கிக்கொண்டு வரும். அதற்குச் சாயம் ஏற்றி, மெல்லிய கண்ணாடியால் மூடி, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பக்குவமாக அழுத்தினால் நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் பட்டை பட்டையாக விரிந்து கிடக்கும். விரல் வழுக்கினால் எல்லாம் கூழ்.

நான் வேலைக்குச் சேர்ந்து பார்த்த முதல் செய்முறைத் தேர்வு அது. துறைத் தலைவர் முதல் ஆளாக வந்துவிட்டார். புழு நாற்றத்துக்குப் பயந்து சென்டிலேயே குளிக்கிற மனிதர். யாரோ எப்போதோ பக்குவமாக நசுக்கி அலமாரியில் வைத்திருந்த பழைய கண்ணாடி ஸ்லைடுகளை, கெடாமலிருக்கப் பிசின் வைத்து ஒட்டியவற்றை, ஒவ்வொரு நுண்ணோக்கியிலும் தன் கையாலேயே மாட்டினார். பிள்ளைகள் புழுவை வைத்துக்கொண்டு சும்மா கையை ஆட்டினால் போதுமாம். வருடா வருடம் இந்தக் கூத்துதானாம்.

கடைசி மேசைப் பெண் மட்டும் வேண்டாமென்று ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதில் நல்ல மதிப்பெண் வந்தால்தான் அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்பு. இல்லையென்றால் அக்கா வீட்டுக்காரரின் செருப்புக்கடையில் உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அப்படியும் தானே புழுவை அறுத்து, தானே அழுத்தினாள். பதற்றத்தில் விரல் சற்றே நகர்ந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு மேசையிலும் தலையாட்டிக்கொண்டே வந்தார். இவள் ஸ்லைடைப் பார்த்ததும் முகம் சுளித்தார். சுரப்பியோடு ஒட்டிவந்த கொழுப்புக்கு நடுவே ஒடிந்த குரோமோசோம், ஓரத்தில் மட்டும் பட்டைகள். இந்தக் குரோமோசோம் ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டார்.

"மத்த செல்லுல டி.என்.ஏ. இரட்டிச்சதும் செல் ரெண்டாப் பிரிஞ்சிடும் சார். இங்க செல் பிரியறதே இல்ல. ஜோடி இழை பிரியுது, ஒவ்வொண்ணும் தனக்குப் புது ஜோடியைக் கட்டிக்குது, மறுபடியும் அதேதான். அத்தனை நகலும் ஒட்டிக்கிட்டே கிடக்கு. அதான்."

அச்சுப் பிசகாத பதில். அவரோ கால்வாசி மதிப்பெண்தான் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மத்த ஸ்லைடோட ஓரத்தைத் தொட்டுப் பாருங்க சார். பிசின் காஞ்சு கல்லாக் கிடக்கு. இவளோடது மட்டும்தான் ஈரம்."

அவர் தொடவே இல்லை.

"முதல் மேசையிலயே தெரிஞ்சுதும்மா. எங்க காலேஜ்லயும் இதே கதைதான். அதுக்காகக் கண்ணுக்குத் தெரியாததுக்கு மார்க் போட முடியுமா?"

துறைத் தலைவர் சிரித்துக்கொண்டே அவருக்கு டீ கொண்டுவரச் சொன்னார். எந்தப் புழுவைப் பார்த்தும் எனக்கு அப்படி அருவருத்ததில்லை. சீ, இவர்கள் பக்கத்தில் நிற்பதே அசிங்கமாக இருந்தது.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தன் ஸ்லைடைக் கழற்றினாள். பஞ்சால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு துறைத் தலைவரிடம் வந்தாள்.

"காலையில குடுத்தீங்களே சார், அதையே குடுங்க."

அவர் என்னைப் பார்த்து அலமாரியைக் காட்டினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தேர்வாளர் குனிந்து பார்த்தார், சுத்தமாக இருக்கிறதென்றார், பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டு முழுசாகப் போட்டார்.

வெளியே போகும்போது அவள் என்னிடம் நன்றி சொன்னாள். கேலியாகச் சொல்லியிருந்தாலும் தேவலை. மனதாரத்தான் சொன்னாள்.