சூழல் ஒலி

ஈர விரிப்பின் ஒரு மூலையை நெட்டையக்கா பிடித்தாள், மறு மூலையை வாயாடி பிடித்தாள். ஒரு உதறு, ஒரு இழுப்பு. துணியைத் தேய்க்கிற, கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே விளிம்பைக் கொடுத்துவிட்டு, கையைச் சட்டென்று எடுத்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால், விரிப்புக்கும் விரலுக்கும் உருளை வித்தியாசம் பார்க்காது.

முன்பு உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. வேகத்தைக் கெடுக்கிறதென்று அந்தச் சலவை ஆலையில் எல்லா மிஷின்களிலும் அதைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு பக்கத்து மிஷின்காரியின் விரல்கள் போயின. ‘கவனக்குறைவு’ என்றார் முதலாளி. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சூப்பர்வைசர் கண்கலங்கினார். விரல் போனவளை மறுநாளே குடும்பத்திலிருந்து கழித்துவிட்டார்கள்.

நெட்டையக்காவின் மிஷினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. உருளை ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ‘ணக்’ என்று ஒரு விக்கல். மெக்கானிக் பார்த்துப் பார்த்துக் கைவிட்டது. ஆலையில் அதற்குப் பெயரே விக்கல் மிஷின். நெட்டையக்காவுக்கு மட்டும் அது காதில் விழுவதே இல்லை. புருஷன் குறட்டை பழகிப்போவது போல எப்போதோ பழகிப்போயிருந்தது.

விரல் போன கதை எப்படியோ சுதந்திர வானொலிக்கு எட்டியது. யாருக்கும் தலைவணங்காத வானொலி என்று அது நாளுக்குப் பலமுறை சொல்லிக்கொள்ளும். ஆனால் நிலையம் மாடிப்படிக்கு அடியில் இருந்ததால், உள்ளே போகிற எவரும் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். யாருக்கும் தெரியாமல் பேச ஒத்துக்கொண்டு வந்த நெட்டையக்கா ஏறக்குறையத் தவழ்ந்து போனாள். எதிரொலியைத் தடுக்கச் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருந்தது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் கசங்கிய சட்டையை அக்கறையோடு கசக்கி அணிந்திருந்தார்.

“தோழர், இது உங்க குரல் இல்ல. ஒரு வர்க்கத்தோட குரல்.”

“அப்ப என் பேரு வராதுல்ல? வீட்ல அவருக்கு இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு. சம்பாதிக்கிறது நான் ஒருத்திதாங்க.”

“பேரும் வராது, குரலையும் மாத்திடுவோம். பெத்த தாய்க்கே தெரியாது.”

அவள் கம்பியைப் பற்றிச் சொன்னாள். அதைத் திரும்ப மாட்டினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாள்.

“பிரமாதம். இன்னொரு தடவை, கொஞ்சம் கோபமா சொல்லுங்க.”

“மொதல் தடவையே கோபமாத்தானுங்க சொன்னேன்.”

அவருக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. “சூழல் ஒலி வேணும் தோழர். அது இல்லாட்டி நிகழ்ச்சிக்கு உயிர் இருக்காது. போனை இடுப்புல சொருகி, மிஷின் சத்தத்தப் பதிவு பண்ணி அனுப்புங்க.”

அனுப்பினாள். உடனே அழைத்தார். “அபாரம். முதலாளித்துவத்தோட இதயத் துடிப்பையே புடிச்சிட்டீங்க.” யாருக்கோ நெஞ்சுவலி போலிருக்கிறது என்று நினைத்து, “பாத்துக்கங்க” என்றாள்.

ஒலிபரப்பான அன்று படுக்கையிலிருந்தே கேட்ட புருஷன், “இது நீயா? பீப்பாய்க்குள்ள விழுந்த எருமை பேசுற மாதிரி இருக்கு” என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு நிம்மதி. மறுநாள் காலை ஆலைக்கு நடக்கும்போதே தொகுப்பாளரிடமிருந்து செய்தி வந்தது: நிகழ்ச்சிக்கு நல்ல வரவேற்பு, குறிப்பாகச் சூழல் ஒலியை எல்லாரும் மெச்சுகிறார்கள்.

வாயாடி விரிப்பை உதறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“நேத்து ரேடியோ கேட்டியாக்கா? எவனோ ஒருத்தன் தடுப்புக் கம்பியப் பத்தி நறுக்குனு கேட்டான். ஆம்பளன்னா அவன் ஆம்பள. எனக்கும் ஒண்ணு வாச்சிருக்கே, கொசுவக்கூட நாந்தான் அடிக்கணும்.”

“நான் எங்கடி கேட்டேன்.”

“கூத்து என்னன்னா, அவன் மிஷினும் நம்மளது மாதிரியே விக்குதுக்கா.”

ணக்.

பல வருஷம் கழித்து நெட்டையக்காவுக்கு அது கேட்டது. கேட்க ஆரம்பித்ததும் வேறெதுவுமே கேட்கவில்லை.

சூப்பர்வைசர் வாசல் பக்கத்து மிஷினிலிருந்து வந்துகொண்டிருந்தார். நேற்றைய நிகழ்ச்சி ஓடுகிற போனை ஒரு காதில் வைத்து, மறு காதை மிஷினிடம் கொடுத்து, கண்ணைச் சொருகி நின்றார். முகத்தில் சங்கீத வித்வான் களை. தலையை ஆட்டி ‘இல்லை’ என்று அடுத்த மிஷினுக்கு நகர்ந்தார். அவர் நின்று நகர்ந்த இடங்களில் பெண்கள் பேச்சை விட்டுவிட்டார்கள்.

சுவிட்ச் நெட்டையக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் விக்கல் நின்றுவிடும். நிறுத்தியது யார் என்பதும் ஆலைக்கே தெரிந்துவிடும். அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

அவர் வந்து நின்றார். ணக். ணக். காலால் தாளம் போட்டுப் பார்த்தார். பொருந்தியது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நெட்டையக்கா அவரிடம் ‘ம்’ என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. வாயாடியோ போன வாரம்தான், “கம்பிய மாட்டுங்க சார். இல்லாட்டி உங்க விரல்ல ரெண்டு கடன் குடுங்க” என்று கேட்டு, ஆலையையே சிரிக்க வைத்திருந்தாள்.

“குரல மாத்திட்டா கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனச்சியா?” என்றார் வாயாடியிடம்.

“என்ன சார் குரலு?”

“பையை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வா.”

“நானா? சார், நான் கேட்டேன் சார், பேசல.”

“பேசாம இருக்கிற வாயா அது?”

வாயாடி இந்தப் பக்கம் திரும்பினாள். முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

“அக்கா, நீ சொல்லேன். நான் எங்க போனேன், யாருகிட்டப் பேசினேன்? கூடவே நிக்கிறவ நீதானே. சொல்லுக்கா.”

நெட்டையக்கா வாயைத் திறந்தாள். படுக்கையில் கிடக்கிறவனுக்குக் காலையில் தண்ணீரைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தோமா என்று, சம்பந்தமில்லாமல் ஒரு யோசனை ஓடியது. குனிந்து விரிப்பின் மூலையைத் தேடினாள்.

வாயாடி ஒரு சொல்லும் இல்லாமல் பையை எடுத்தாள். அவளைப் பேச்சில்லாமல் ஆலை பார்த்தது அன்றுதான்.

“மிஷின நிறுத்தாத” என்றார் சூப்பர்வைசர், படியேறிக்கொண்டே. “ஆள் போடற வரைக்கும் ரெண்டு பக்கத்தையும் நீயே பாத்துக்க. உனக்குத்தான் கை நீளமாச்சே.”

அவள் இரண்டு கைகளையும் விரித்து இரண்டு மூலைகளையும் பிடித்தாள். தனியாக உதறியதில் விரிப்பு கோணிக்கொண்டு உருளைக்குள் போனது. எட்டாத ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. சுருக்கம் விழுந்த விரிப்பு திரும்பி வந்துவிடும். மார்பு உருளையின் சூட்டில் பட, எக்கிச் சாய்ந்து, அதை நீவிவிட இடது கையைத் துணியோடு துணியாக உள்ளே கொண்டுபோனாள்.