வெள்ளையாக விட்ட இடம்

1

இந்தக் கதை ஒரு சின்னக் கட்டத்திலிருந்து பிறந்தது. வரைபடத் தாளின் வலது கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். இதுவரை ஆறு முறை இந்தக் கதையைத் தொடங்கியிருக்கிறேன். ஆறு முறையும் முதல் கட்டத்தில் இருந்தவனைப் பற்றியே எழுதினேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் தொடக்கம்: "கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு பாலைவனத்துக்கு வெள்ள வரைபடம் போட்ட ஒரு கெட்டிக்கார..."

வேண்டாம். இது சிரிப்புக் கதைக்கு ஆகும். நீங்கள் ஒருமுறை சிரித்துவிட்டால் பிறகு உங்களை இங்கே திருப்பிக் கூட்டிவர என்னால் முடியாது.

இன்னொன்று: "கோவிந்தராஜனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை."

இது பரவாயில்லை. பொய்யும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கோவிந்தராஜனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் குடித்தனம். ஆஷாட மாதம் பிறந்து மழை பிடித்தால் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திவிடுவான். எத்தனை செங்கல் என்பதை வானத்தைப் பார்த்தே சொல்வான். கிடர்பூரில் ஒரு மாடியில் இருந்த பொறியியல் கம்பெனியில் வரைபடம் வரையும் டிராப்ட்ஸ்மேன். கை சுத்தமான கை. அவன் இழுத்த கோட்டை கம்பெனியின் பங்குதாரர் தத்தா பாபு விருந்தாளிகளுக்குக் காட்டுவார்.

எழுபத்தேழில் பாலைவன நகரம் ஒன்றிலிருந்து வேலை வந்தது. (நகரத்தின் பெயரை மறைக்கிறேன். அந்த ஊருக்கு மரியாதை என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன்.) அங்கே மழை அபூர்வம், வந்தால் ஊரை ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். அதனால் நகராட்சி ஒரு விதி செய்திருந்தது. வரைபடத்தில் நீலம் அடித்த இடத்தில் வீடு கட்ட அனுமதி இல்லை. வெள்ளையாக இருந்தால் மனை பிரிக்கலாம். நீலம் எதுவரை என்று கல்கத்தா சொல்ல வேண்டும்.

நேரில் போய்ப் பார்க்க யாரையும் அனுப்பவில்லை. அளவெடுத்த நோட்டுகள் தபாலில் வந்தன. கோவிந்தராஜன் எங்கள் வழக்கப்படி செய்தான். ஊரிலேயே பள்ளமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தண்ணீரை அடி அடியாக மனத்தில் ஏற்றி, முங்கும் இடத்துக்கெல்லாம் நீலம் அடித்தான். ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் உப்புப் பள்ளம் முழுக்க நீலமானது. குன்றடியில், மேட்டில், புள்ளிக்கோடாகக் கிடந்த ஒரு வறண்ட ஆற்றை வெள்ளையாக விட்டான். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் எப்படி ஏறும்? கல்கத்தாவில் ஏறவே ஏறாது.

(குறிப்பு: சரிபார்த்தவர் ஒருவரும் இருந்தார். பட்டாபி என்று பெயர், அடுத்த மேஜை. கதைக்கு அவர் முக்கியமில்லை.)

3

எழுபத்தெட்டு செப்டம்பர். துர்கா பூஜைக்கு முந்தைய அந்தப் பெருமழை. கல்கத்தாக்காரர்களிடம் கேட்டால் இன்றைக்கும் தங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையை வைத்துக் காட்டுவார்கள்.

மூன்றாம் நாள் மதியம் கோவிந்தராஜன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தான். தெருவில் முழங்கால் அளவு நின்றது. ஒரு காலி பிஸ்கட் டப்பா, போன நாள் மிதந்த அதே கடை வாசலில் மிதந்தது. அதை அவன் லட்சியம் செய்யவில்லை. நிற்கிற தண்ணீர் பழகிய தண்ணீர்.

கிடர்பூர் பாலத்துச் சரிவில் ஏறும்போது தண்ணீர் குறைந்துவிடும் என்று நினைத்தான். குறைந்தது. கணுக்கால்தான் நனைந்தது. ஆனால் அப்போது மழை மறுபடி பிடித்துக்கொள்ள, சரிவில் ஓடிவந்த தண்ணீர் அவன் இடது காலை வாரி, செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு நின்றான்.

[இந்த இடத்தில் "அவனுக்குள் ஏதோ விளங்கியது" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சரிவில் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.]

அப்படியே ஆபீசுக்கு வந்தான்.

"பட்டாபி, அந்தப் பாலைவன ஷீட்டு ஞாபகம் இருக்கோ? மேட்டுல ஒரு வறண்ட ஆறு. வெள்ளையா விட்டுட்டேன்டா."

"மேட்டுல எங்கேடா தண்ணி நிக்கப்போறது?"

"நிக்காது. ஓடும். அதான் சொல்றேன். குன்று முழுக்கப் பெய்யற மழை அந்த வழியாத்தான் எறங்கும். அங்கே இப்ப மனை பிரிச்சுண்டிருப்பா."

"தலையைத் துவட்டிக்கோ முதல்ல. பாலைவனத்துல என்ன மழை பெஞ்சுடப்போறது?"

"நீ பார்த்தியோ இல்லையோ அதை? கையெழுத்துப் போட்டியே."

பட்டாபி டீக்கு ஆள் தேடி வாசல் பக்கம் திரும்பினார். "சா சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

4

கதைக்கு அவர் முக்கியமில்லை என்று எழுதியதை இங்கே அடிக்கிறேன். பட்டாபி நான். என்னை நானே "அவர்" என்று மரியாதையாக எழுதிக்கொண்டதையும் கவனித்திருப்பீர்கள். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

அந்தத் தாளை நான் பார்க்கவில்லை. கோவிந்து வரைந்தால் பார்க்க என்ன இருக்கிறது என்பது ஆபீசில் எல்லோரும் சொல்கிற பேச்சு. மடிப்பைக்கூடப் பிரிக்காமல், மூலையை மட்டும் தூக்கிக் கையெழுத்துப் போட்டேன்.

கோவிந்தராஜன் நான்கே நாளில் திருத்திய தாளை வரைந்து என் மேஜைமேல் வைத்தான். குன்றிலிருந்து ஊர்வரை நீலம், விரித்த விசிறி மாதிரி. என் கையெழுத்து இல்லாமல் அது ஒப்புதலுக்குத் தத்தா பாபுவிடம் போகாது. போட்டால் முதல் தாளில் தப்பை ஏன் விட்டாய் என்று என்னைக் கேட்பார். அந்தப் பூஜைக்குப் பிறகுதான் செக்‌ஷன் தலைவர் யார் என்று முடிவாக இருந்தது.

"பூஜா லீவு முடியட்டும்டா" என்றேன்.

பிறகு காளி பூஜை. பிறகு வருஷக் கடைசி வேலை. அவன் கேட்கும்போதெல்லாம் "இதோ" என்றேன். எட்டாவது தடவைக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். நான் அனுப்பிவிட்டேன் என்று நம்பினான் என்பது என் ஊகம். அப்படித்தான் அவன் நம்பும்படி நடந்துகொண்டேன். தாள் என் அலமாரியில், அடுக்கின் அடியில் இருந்தது.

அடுத்த ஜூலையில் பத்திரிகையில் அந்த ஊரின் பெயர் வந்தது. காய்ந்த ஆறு, அதில் புதிதாக எழுந்த வீடுகள், விடியும் வேளை. எத்தனை பேர் என்றும் போட்டிருந்தார்கள். அந்த எண்ணை எழுதி எழுதி அடித்திருக்கிறேன். கதையில் வைத்தால் அது கதைக்கு உதவுகிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு நடந்த விசாரணையில் கோவிந்தராஜன், "வரைஞ்சது நான். தப்பு என்னோடது" என்றான். திருத்திய தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. வெளியே வந்து, டிராம் நிறுத்தத்தில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த மொத ஷீட்டைப் பிரிச்சாவது பார்த்தியாடா?"

5

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்றில் நான் "பார்த்தேன்" என்கிறேன். அவன் நம்பி, ஊருக்கு வெளியே சாந்த்ராகாச்சிக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விடுகிறான். இரண்டாவதில் நான் "இல்லை" என்கிறேன், அவன் என்னை அறைகிறான். எனக்கு மிகவும் பிடித்தது அது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. மூன்றாவது நடந்தது: டிராம் வந்தது, நான் ஏறிக்கொண்டேன். செக்‌ஷன் தலைவராகத்தான் ஓய்வு பெற்றேன்.

எதை வைப்பது என்று நான் முடிவு செய்யப்போவதில்லை. இந்தக் கதைக்கும் கீழே ஒரு மூலை உண்டு. வரைந்தவர்: பட்டாபி. சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருக்கிறது, அது உங்களுடையது. இதிலும் நான் எதையாவது வெள்ளையாக விட்டிருப்பேன். கோவிந்து நல்லவன் என்று சொல்லியே தப்பித்திருக்கலாம். இறந்தவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதை இவ்வளவு கடைசியில்தான் சொல்கிறேன், பாருங்கள்.

அவசரமில்லை. தயவுசெய்து பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.