படிவத்தில் இல்லாத பத்து நிமிடம்

எட்டாம் வார்டின் வெள்ளைப் பலகையிலிருந்து இருபத்திரண்டு நோயாளிகளின் பெயர்களைத் துடைத்து எடுத்தவர் சாட்சாத் நம் ஆய்வாளர் பாலம்தான். அதுவும் தன் சொந்தக் கைக்குட்டையால். அதுவும் மதியம் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, காலை ஷிப்ட் கிளம்பவும் மதிய ஷிப்ட் உள்ளே வரவும் சரியாக இருந்த நேரத்தில்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர் செய்த சேதாரம் எதை எடுத்தாலும் பின்னால் ஒரு நல்ல எண்ணம் கைகட்டி நின்றுகொண்டிருக்கும். ஆய்வேட்டுக்காக அந்தப் பலகையைப் படம் எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவோ, நோயாளி பெயர் எதுவும் படத்தில் தெரியக் கூடாது என்று மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. சரி, பெயர்களை மட்டும் துடைப்போம், படம் எடுப்போம், நம் நோட்டைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடுவோம் என்று திட்டம். துடைத்தார். எடுத்தார். நோட்டைத் திறந்தார். நோ-1, நோ-2 என்று தொடங்கி நோ-22 வரை மணிமணியான கையெழுத்தில் இருந்தது. அதே குழு, அதே கடிதம், இரண்டாம் பக்கம்: குறிப்பேட்டிலும் பெயர் கூடாது.

பிறகு நாற்பது நிமிடம், இரண்டு ஷிப்ட் சிஸ்டர்களும் படுக்கை படுக்கையாகப் போய், மணிக்கட்டுப் பட்டையைப் படித்து, கோப்போடு ஒத்துப் பார்த்து, பெயரைக் கேட்டு எழுதினார்கள். பதினான்காம் படுக்கைக்காரர், "காலைலேருந்து அதே ஆளுதாம்மா நான், மாறல" என்றார். பாலம் மார்க்கர் மூடியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனார். வேறு எதற்கும் அவரை நம்ப யாரும் தயாராக இல்லை.

"சிஸ்டர், நான் என்ன சொல்றதுன்னே..." என்று அசடு வழிந்தார்.

வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்ல சார்" என்றார்.

அதுதான் குடைந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். மூன்று மாதமாக அந்த வார்டில் அவருக்குக் கிடைத்த பதில்கள் இரண்டே இரண்டு: பரவால்ல சார், நல்லாருக்கு சார்.

பாலம் என்பது லிப்ட் மெக்கானிக்கான மைத்துனன் வைத்த பெயர். ஆய்வுத் தலைப்பை ஒருமுறை தெரியாத்தனமாக அவனிடம் சொல்லிவிட்டார்: 'கோட்பாட்டிற்கும் தொழில் நடைமுறைக்கும் இடையே ஒரு பாலம்: பணி ஒப்படைப்பு பற்றிய பல்துறை ஆய்வு.' அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவரை வேறு பெயரில் குறிப்பிட்டதில்லை. "பாலம் சாப்டாச்சா?" என்று அவர் காதுபடவே கேட்பான். விஷயம் என்னவோ எளிமையானதுதான். ஒருவர் தன் வேலைநேரம் முடிந்து போகும்போது அடுத்து வருபவரிடம் எதைச் சொல்லிவிட்டுப் போகிறார்? மருத்துவமனையில் நர்ஸ், லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மெக்கானிக். தொழில் வேறு, உள்ளே இருக்கும் சங்கதி ஒன்று என்பது அவர் கட்சி. அதற்காக நாற்பது நூல்களைக் கரைத்துக் குடித்துப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்து, இரண்டு இடத்திலும் மூன்று மாதமாக நிரப்பச் சொல்லி வந்தார். கடைசியில், 'இந்தப் படிவம் உங்களுக்குப் பயன்பட்டதா?' என்று ஒரு கருத்துத்தாள். அதில் எல்லோரும் 'மிகவும்' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஆறாவது வருடம், இரண்டு முறை கெடு நீட்டியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. கல்லூரியில் அவர் ஒப்பந்த விரிவுரையாளர். பட்டம் வராவிட்டால் அடுத்த பருவத்தில் அந்த நாற்காலியில் வேறொருவர். நாற்பத்து மூன்று வயதில் புதிதாக ஒரு நாற்காலி தேடுவது எப்படியென்று எந்தக் கோட்பாட்டிலும் அவர் படித்ததில்லை.

பெயர் துடைத்த அந்தத் திங்கட்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில் படிவங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து வைத்து, கடைசியாக ஒருமுறை எண்ணிக்கை சரிபார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் கேள்வியில் கை நின்றது. 'பொறுப்பேற்பவர் உங்களிடம் கேட்ட கேள்வி என்ன?' பதில்: இல்லை. அடுத்த தாள்: இல்லை. அடுத்தது: எதுவும் இல்லை. ஐந்நூற்று நாற்பது தாளையும் புரட்டினார். மூன்று மாதத்தில், இரண்டு தொழிலில், ஒருவர்கூட இன்னொருவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். ஆனால் வார்டில் தினமும் இரண்டு மணிக்கு இரண்டு சிஸ்டர்கள் மருந்து வண்டிப் பக்கம் ஒதுங்கிப் பத்து நிமிடம் குசுகுசுவென்று பேசுவதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். கிட்டே போனால் நிறுத்திவிட்டு, "சொல்லுங்க சார்" என்பார்கள்.

ஆய்வு நெறியாளருக்குப் போன் போட்டார்.

"மேடம், பதில்லாம் கொஞ்சம் ரொம்ப ஒழுங்கா இருக்கோன்னு..."

"ஒழுங்கா இருக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? நிரப்பிருக்காங்களா இல்லையா?"

"நிரப்பிருக்காங்க மேடம்."

"அப்புறம் என்ன? தரவு தரவுதான். வெள்ளிக்கிழமை மூணு பிரதி, கெட்டி அட்டை." வைத்துவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, மைத்துனன் வேலை செய்யும் எட்டு மாடி அலுவலகக் கட்டடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். மொட்டை மாடியில் லிப்ட் மோட்டார் அறை. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு, உறுமல், ஒரே ஒரு பல்பு. காலையிலிருந்து அங்கே இருந்த மெக்கானிக் வேறு கட்டடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தாடி என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். ஆனால் தாடியை எடுத்து வருடமாகிறது. மைத்துனன் அவனிடமிருந்து பொறுப்பேற்க வந்திருந்தான். பாலம் கதவோரம் ஒண்டிக்கொண்டு காதைத் தீட்டினார்.

"மூணாவது மாடில நிக்கும்போது ஒரு மாதிரி இருக்குடா" என்றான் தாடி.

"எப்படி?"

"தெரியல. ஏழெட்டு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. ஆனா எனக்குப் புடிக்கல."

"லிப்ட் பெட்டி மேல ஏறினியா?"

"ஏறல. இன்னைக்கு நான் ஏற மாட்டேன்."

மைத்துனன் சிரிக்கவில்லை. மோட்டார் பக்கம் போய், பிரேக் உறையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கீழே போன் செய்து, லிப்ட் இன்று ஓடாது, பலகை மாட்டுங்கள் என்றான். கண்ணில் படும் பழுது ஒன்றுகூட இல்லாமல் எட்டு மாடிக்காரர்களையும் படியேற வைத்துவிட்டான். தாடி பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"இன்னைக்குப் படிவம் எங்கடா?" என்றார் பாலம்.

மைத்துனனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "வேன்ல இருக்கு அத்தான். நானே எடுத்துட்டு வரேன், நீங்க இருங்க, படி நிறைய..."

பாலம் இருக்கவில்லை. எட்டு மாடி இறங்கினார். வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே, ஒரு ரப்பர் பேண்டுக்குள் படிவங்கள் இருந்தன. இன்றைக்கு உரியது இருந்தது. நாளைக்கு உரியதும் இருந்தது. அடுத்த வியாழக்கிழமைவரை எல்லாம் நிரப்பி, கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தன.

"டேய், அடுத்த வியாழனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கேடா! 'பழுது ஏதும் இல்லை'ன்னு வேற எழுதிருக்க!"

"மழை வரப் போகுது அத்தான், வேலை குவிஞ்சிரும்... உங்களுக்குக் குறை வெக்கக் கூடாதேன்னு முன்கூட்டியே..."

"எல்லாமே இப்படித்தானா?"

மைத்துனன் மென்று விழுங்கினான். "மொத வாரம் ஒழுங்காத்தான் எழுதினோம். நெஜமா. அப்புறம் தாடி சொன்னான், வேலையப் பாக்கறதா கட்டத்த ரொப்பறதான்னு. நிறுத்திரலாம்னு இருந்தோம். அக்காதான் போன் பண்ணி, 'அவரு ஆறு வருஷமா இதையே கட்டிட்டு அழறாரு, மானத்தக் காப்பாத்துடா'ன்னா."

பாலத்துக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. தன்னை ஏமாற்ற ஒரு குடும்பமே இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. நல்ல எண்ணத்தோடு நாசம் செய்வதில் தான் தனி ஆள் இல்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் முன்னாலேயே தகவல் சொல்லிவிட்டான் என்பது, அவள் ஒரே சட்டையை மூன்றாம் முறை மடிப்பதிலிருந்து தெரிந்தது.

"கோவமா?"

"இல்ல."

"கருத்துக் கேட்டு அவன் முன்னாடி தாளை நீட்டிட்டு நின்னீங்களே, அந்த மொகத்தப் பாத்துட்டு யாருங்க வேணாம்னு சொல்லுவா?"

"சரி, விடு. இப்போ நீ சொல்லு. வெள்ளிக்கிழமை குடுக்கலாமா, வேணாமா?"

அவருடைய மீசை, நடை, செருப்பு, நண்பர்கள் என்று பத்தொன்பது வருடமாக எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லத் தயங்காதவள், சட்டையைப் பிரித்து நான்காம் முறை மடிக்கத் தொடங்கினாள். "எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீங்க படிச்சவரு."

புதன்கிழமை மதியம், ஷிப்ட் மாறி அரை மணி கழித்து, எட்டாம் வார்டை ஒட்டிய சிஸ்டர்களின் அறைக்குப் போனார். பெரிய சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்ப, வெள்ளை ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பலகையைத் துடைத்தவர் மறுபடி வருவதைப் பார்த்ததும் அவர் பார்வை அனிச்சையாக இவர் கைக்குப் போனது. கைக்குட்டை இல்லை.

"சிஸ்டர், அந்தப் படிவம் உங்களுக்கு..."

"நல்லாத்தான் சார் இருக்கு."

பாலம் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, முந்தின நாள் கதையைச் சொன்னார். எட்டு மாடி, வேன், அடுத்த வியாழக்கிழமை. தன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நடித்தே காட்டினார். சிஸ்டர் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"நாங்க அவ்வளவு தூரம் போகல சார். அந்தந்த வாரத்தோடது, சனிக்கிழமை ஒருத்தி உக்காந்து மொத்தமா எழுதிருவா. முறை வெச்சிருக்கோம்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல சிஸ்டர்" என்றார் பாலம். அந்த வார்த்தையை இந்தப் பக்கத்திலிருந்து சொல்வது நன்றாகவே இருந்தது.

பிறகு, விளையாட்டில்லாமல், தாடி சொன்னதைச் சொன்னார். ஒரு பழுதும் தென்படவில்லை, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்றான். வந்தவன் ஆதாரம் எதுவும் கேட்காமல் லிப்டையே நிறுத்திவிட்டான். "அவன் என்னத்தக் குடுத்தான், இவன் என்னத்த வாங்கினான்னு எனக்கு இன்னும் புரியல சிஸ்டர்."

சிஸ்டர் தேடிக்கொண்டிருந்த செருப்பு கிடைத்தது. போடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பத்தொம்பதாம் படுக்கை" என்றார். "காய்ச்சல் இல்ல. பிரஷர் சரி. ஸ்கேன் சரி. கோப்பைப் பாத்தீங்கன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா நேத்துவரைக்கும் லொடலொடன்னு பேசிட்டிருந்த மனுஷன், இன்னைக்குக் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றாரு. எனக்கு அது பயமா இருக்கு. வந்தவகிட்ட சொன்னேன், 'நாலு மணிக்குப் போய் சும்மா பேச்சுக் குடு'ன்னு. 'பயமா இருக்காக்கா?'ன்னு கேட்டா. ஆமான்னேன். அவ்வளவுதான் சார் நாங்க பேசறது. எதுக்குப் பயந்தேன்னு சொல்லிட்டுப் போவோம். அத அவ வாங்கிப்பா. அப்பத்தான் எனக்கு வீட்டுல தூக்கம் வரும்."

லிப்டுக்கும் வார்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு என்று ஆறு வருடம் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு, அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பேனாவைத் திறந்தார். மூடினார்.

"இதத்தானே சிஸ்டர் பன்னெண்டாவது கேள்வில..."

"எழுத மாட்டோம் சார். எழுதி வெச்சு, அப்புறம் அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, 'தெரிஞ்சும் ஏன் டாக்டரைக் கூப்பிடல?'ம்பாங்க. கூப்பிட்டா, 'என்ன கண்டீங்க?'ன்னு அவரு கேப்பாரு. ஒண்ணும் காணல டாக்டர், பேச்சுக் கொறஞ்சிருக்குன்னா சிரிப்பாரு. காயிதத்துல ஏறிட்டா அது பயம் இல்ல சார், சாட்சி. நீங்க எத்தனை கட்டம் போட்டாலும் 'இல்லை'ன்னுதான் எழுதுவோம்."

"அப்போ 'மிகவும் பயன்பட்டது'ன்னு டிக் போட்டது?"

"நீங்க நல்ல மனுஷன். மூணு மாசமா ஓரமா நின்னுட்டே இருந்தீங்க, ஒரு நாள்கூட உக்கார நாற்காலி கேக்கல. உங்களுக்கு நல்லது நடக்கட்டும்னு போட்டோம்."

வெளியே மருந்து வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

"வெள்ளிக்கிழமை இத நான் குடுக்கணும் சிஸ்டர். குடுக்கலேன்னா..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சொன்னால், அந்த நாற்காலி, அந்த ஆறு வருடம், அந்த நாற்பத்து மூன்று வயது எல்லாம் சிஸ்டரின் மடியில் போய் உட்காரும். மறுபடியும் நல்லாத்தான் சார் இருக்கு என்பார். வேலைநேரம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் ஒருவரிடம் கேட்கும் முறை அது இல்லை.

"குடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய சிஸ்டர் செருப்பில் காலை நுழைத்தார், வாரைப் பூட்டினார், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம் சார்" என்றார். "குடுக்காதீங்க."