உமாராணிக்குத் தெரியாமல் வளர்ந்த செடிகள்

1

இது நான் யோசித்துப் பிடித்த கதை இல்லை. மலேசியாவின் அலோர் ஸ்டாரில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எண் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னிடம் சொன்னது. "செடி அழுகுனப்பதான் எனக்கே தெரிஞ்சுச்சு" என்று ஆரம்பித்தார். முடித்தபோது, எழுதினால் பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே சுகுமாரன் என்பது நான் வைத்த பெயர். அவர் மனைவி உமாராணிக்கும் நான்தான் பெயர் வைத்தேன்.

(அவருக்கு 'ர்' போடுகிறேன், அவளுக்கு 'ள்' போடுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கிறேன், அவருக்கு அவள் 'அவள்'தான்.)

2

முதல் தொடக்கம்: பாடாங் மேஹாவில், செம்பனைத் தோட்டம் முடிந்து வரிசை வீடுகள் ஆரம்பிக்கும் இடத்தில், மழைக்கு முந்திய இருட்டில் ஒரு பெண்மணி தன் செடிகளை—

வேண்டாம். மழையோடு ஆரம்பித்தால் நீங்கள் இப்போதே அழத் தயாராகிவிடுவீர்கள்.

இரண்டாவது: சீடம் என்பது சதைப்பற்றான இலைகளில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. அதன் ஓர் இலையைப் பிரித்து—

பாடப்புத்தகம்.

மூன்றாவது: செடிக்கு எப்போது தண்ணீர் ஊற்றக்கூடாது என்று உமாராணிக்குத் தெரியும்.

இது நிற்கட்டும். கூலிம் பக்கம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலையை விட்டபிறகு அவள் பிடித்துக்கொண்டது இந்தச் செடிகளைத்தான். கார் நிற்க வேண்டிய முன்கூடத்தைச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு, காரை வெளியே வெயிலில் நிறுத்தச் சொன்னாள். குளிர்ந்த மலையில்தான் இதெல்லாம் பிழைக்கும் என்றவர்கள் பிறகு வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இலையை உடையாமல் பிரிப்பாள். காயம் ஆறும்வரை முறத்தில் நிழலில் போட்டு வைப்பாள். அப்புறம் மணலும் கருக்கிய உமியும் கலந்த தட்டில் சும்மா கிடத்துவாள். இளஞ்சிவப்பில் நூல் போல வேர் வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நீளமாகத் தொங்கும் சீடத்துக்கு அவள் வைத்த பெயர் 'சடை'. அக்கம்பக்கத்தில் கல்யாணம், புதுமனை என்றால் அவள் கொண்டுபோவது ஒரு சடைத் தொட்டிதான்.

சுகுமாரனுக்கு அதில் ஒரே ஒரு பங்கு இருந்தது. தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது.

3

முதலில் ஒரு சடையின் தண்டு அடியில் கறுத்துக் கூழானது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். கூரை நன்றாக இருந்தது. அடுத்த வாரம் இன்னொன்று போனது. அப்புறம் அவளைக் கவனித்தார்.

காலையில் பசியாறிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே போய்க் கோப்பையைக் கழுவி வைத்தாள். திரும்ப வந்து அதே தொட்டிகளுக்கு ஊற்றினாள். சற்று நேரத்தில் மறுபடியும் வந்தாள். இப்போதுதானே ஊற்றினாய் என்று கேட்டார். அவள் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள். சும்மா தரையைக் கழுவினேன் என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது என்றார் சுகுமாரன்.

டாக்டர் மலாயில் விளக்கினார். ஜொகூரில் இருக்கும் மகள் நளினி அதையே தொலைபேசியில் தமிழில் விளக்கினாள். இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

(நோயின் பெயரை எழுதப்போவதில்லை. அவரும் சொல்லவில்லை. 'அந்த மறதி' என்றுதான் சொன்னார்.)

4

செத்த தொட்டியைப் பார்த்தால் உமாராணி அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். யார் இதைக் கொன்றது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான்தான் என்று சொல்லிப் பார்த்தார். அவள் நம்பிவிட்டாள். அது இன்னும் மோசமாகப் போனது. அவரோடு பேசுவதை நிறுத்தினாள், ஏன் நிறுத்தினோம் என்பது மறந்துபோகும்வரை.

அதன்பிறகுதான் பின்பக்கம், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அந்தப் புறம், அவர் ஒரு தட்டை மறைத்து வைத்தார். அவர் பிடுங்கிய இலைகள் பாதியில் ஒடிந்தன. ஒடிந்தது முளைக்காது. ஈரத்தில் வைத்தவை கண்ணாடி போலாகிக் கரைந்தன. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

ஒரு நாள் சடையின் துண்டு ஒன்றை அவள் கையில் கொடுத்தார். எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. கேட்காமல் விட்டதும் விரல்கள் தாமாகவே இலையைப் பிடித்து, இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் அசைத்து, முழுசாக எடுத்துவிட்டன. அவர் அந்த விரல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் அவள் மத்தியானம் தூங்கும்போது அழுகியதை எடுத்துவிட்டுத் தழைத்ததை வைத்தார். எழுந்து வந்து பார்ப்பாள். முகம் தெளிந்திருக்கும்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது. குட்டிச்செடி வளர வளரத் தாய் இலை சுருங்கிக் காய்ந்துபோவதைப் பற்றி. அழகாகத்தான் வந்திருந்தது. அதனால்தான் எடுத்துவிட்டேன். அந்த வீட்டில் இலைக்கு அர்த்தம் பார்க்க யாருக்கும் நேரமில்லை.)

5

நளினி எனக்குச் சரியாக வரவில்லை. முதல் பிரதியில் அவள், அம்மாவை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். மகளைக் கல்லாக்கிவிட்டால் அப்பாவுக்காக இரங்குவது சுலபம். ஆனால் அந்த மனிதர் மகளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடந்தது இது. நளினி லீவு போட்டு வந்தாள். குழாயைக் கழற்றி ஒளித்து வைத்தாள். உமாராணி அதைத் தேடினாள், வீடு முழுக்கத் தேடினாள், கடைசியில் கோப்பையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள். கோப்பையையும் வாங்கி வைத்ததும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நளினியே குழாயைக் கொண்டுவந்து மாட்டினாள். பிறகு அப்பாவிடம், இரண்டு பேரும் ஜொகூருக்கு வந்துவிடுங்கள் என்றாள். செடி இருக்கிறதே என்றார் அவர்.

"செடிக்காகவாப்பா?"

அவர் எழுந்து, வெயில் பட்ட ஒரு தொட்டியை நிழலுக்கு நகர்த்தினார்.

6

அன்றைக்கு உமாராணி மத்தியானத் தூக்கத்திலிருந்து சீக்கிரம் எழுந்துவிட்டாள். பின்கதவைத் திறந்து வந்தவள், மறைவில் குனிந்திருந்தவரைப் பார்த்தாள். கையில் மண்ணோடு அவர் அப்படியே இருந்தார். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்கு ஆள் வந்தால் செய்வது போல.

"அண்ணே, நீங்கதான் எங்க வீட்டுக்காரருக்குச் செடி குடுக்கிறதா?"

கட்டிய மனைவி வாயிலிருந்து அந்த 'அண்ணே' வந்தது. அவர் தலை தானாக ஆடியது.

அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் வந்துருக்கு. ஈரம் மட்டும் கொஞ்சம் கூட." பிறகு வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட சொல்லிறாதீங்க. நான்தான் தண்ணி ஊத்தி ஊத்திக் கொல்றேன். கை தானாப் போவுது. அவரு பாவம், எனக்குத் தெரியக்கூடாதுன்னு மாத்தி மாத்தி வைக்கிறாரு. எஞ்செடி எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரியே இருந்துக்கிறேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவாரு லா."

அவர் எழுந்திருக்கவில்லை.

"சொல்ல மாட்டேன்னு சொல்லுங்கண்ணே."

7

பின்னால் நடந்ததை அவர் மளமளவென்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் 'ஏங்க' என்று கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கேட்டாள், எதுவுமே நடக்காதது போல. அவர் தொட்டிகளை மாற்றுவதை நிறுத்தவில்லை. என் சடை எப்படித் தழைத்திருக்கிறது பாருங்கள் என்று அவளும் காட்டிக்கொண்டிருந்தாள். காட்டும்போது அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் செடியைப் பார்த்து, ஆமாம் என்பார்.

சில மாதங்களில் அவள் முன்கூடத்துக்கு வருவதே நின்றுபோனது. குழாய் காய்ந்து கிடந்தது. அதிகத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாததால் செடிகள் எல்லாம் தழைத்துத் தரையைத் தொட்டன. தெருவில் போகிறவர்கள் நின்று பாராட்டினார்கள். சுகுமாரன் பின்வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தார்.

8

அவளுக்கு அவர் என்ன பதில் சொன்னார்? அதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. ஆகவே நானே எழுதிப் பார்த்தேன்.

'நான்தான், உமா' என்று சொல்ல வைத்தேன். அவள் இத்தனை நாள் கட்டிக்காத்தது ஒரு நொடியில் போய்விட்டது. அடித்தேன்.

'சொல்ல மாட்டேன்மா' என்று சொல்ல வைத்தேன். அவள் நிம்மதியாகத் திரும்பி உள்ளே போனாள், பின்கட்டில் ஓர் அண்ணன் மட்டும் மிச்சமிருந்தார், அவர் மண்ணை—

அதையும் அடித்தேன்.

பேசாமல் தட்டை அவள் கையில் கொடுக்க வைத்தேன். அது எழுத்தாளன் தப்பித்துக்கொள்ளும் வழி. அந்தப் பக்கத்தையே கிழித்தேன்.

இனி என்னால் ஆகாது. அந்த இடத்தில் உங்களை உட்கார வைத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். எதிரே அவள் நிற்கிறாள், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. ஏதாவது சொல்லுங்கள். ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள், என்ன கேட்டோம் என்பது அவளுக்கு மறந்துவிடும்.